யாருக்கு வைத்த தகடு

மின்னணுத் துறை விரிவுரையாளர் பேட்ரிசியா அம்மையாரின் பணிநிறைவு விழாவில் துறையினர் வாசித்தளித்த பாராட்டு மடல்
திருச்சிராப்பள்ளி, மே 1988

காற்றில் கரைந்து போகும் அலையைக் கையகலச் செம்பிலே கட்டி நிறுத்தியவரே! நேரே ஓடிய அலையை, மூலை சீவி முனை திருத்திச் சுழன்றாடச் செய்தவரே! கணக்கிலே கருணை காட்டாத கண்டிப்பும், கண்டித்தவரிடமே திரும்பிச் சென்று கைகூப்பும் கனிவும் ஒருசேரக் கொண்டவரே! மேலப்புதூர் ஆலயமணி ஓய்வதற்குள் பஸ் ஏறி, எங்கள் கல்லூரி மணி ஒலிப்பதற்குள் ஆய்வுக்கூடம் திறந்த எங்கள் துறையின் மூத்த சகோதரியே! அன்பும் மதிப்பும் ததும்பும் நெஞ்சோடு வணங்குகிறோம்.

விளித்தல் இத்துடன் நிற்கட்டும். அம்மையாரை நேருக்கு நேர் நின்று புகழ்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்லூரியின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் இப்படித்தான் ஒருவர் மேடையேறி, "தாங்கள் ஆற்றிய தொண்டு" என்று தொடங்கினார். நிமிர்ந்து பார்த்தபோது தாங்கள் இருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. அம்மையார் ஆய்வுக்கூடத்துக்குப் போய் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஆகவே இம்மடல் எழுதப் பணிக்கப்பட்ட நாங்கள் கூடிப் பேசி ஒரு தந்திரம் செய்திருக்கிறோம். 'தாங்கள்' என்று சொல்லாமல் 'அவர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். யாரோ ஒரு பேட்ரிசியாவைப் பற்றிப் படிக்கிறார்கள் என்று எண்ணி, அம்மையார் இறுதிவரை அமர்ந்திருக்குமாறு வேண்டுகிறோம். கதவருகே நிஜாமுதீன் சாரை நிறுத்தியிருப்பதும் அதற்காகத்தான்.

இயற்பியல் படித்து முதுகலைப் பட்டம் பெற்று, அறுபதுகளின் தொடக்கத்தில் பொறியியல் துறைக்குள் அவர் அடியெடுத்து வைத்தபோது, அங்கே பெண் ஆசிரியர் என்று வேறு எவரும் இல்லை. பெண் என்பதைக்கூடச் சில மாதங்களில் பொறுத்துக்கொண்ட பொறியாளர்கள், அவர் இயற்பியல்காரர் என்பதை மட்டும் மன்னிக்கவே இல்லை. "பிசிக்ஸ் மேடம்" என்பது அவருக்கு வாய்த்த பெயர். அவரும் சளைக்கவில்லை. "உங்களுக்கு ஓம் விதி சொல்லிக் கொடுத்ததே எங்க ஆளுங்கதான்" என்று ஒரு நாள் தேநீர் வேளையில் சொன்னதோடு அந்தக் கேலி பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்றுவரை இருக்கிறது. அது அன்பினால் வந்தது என்பதை அவர் அறிவார்.

எழுபதுகளின் நடுவில் அவர் நெஞ்சில் ஒரு புதுப் பொருள் வந்து குடியேறியது. ஆன்டெனா என்றால் மூங்கில் கழியில் இழுத்துக் கட்டிய கம்பி என்று ஊர் நினைத்திருந்த காலம் அது. மெல்லிய அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் செம்பு, மறுபக்கம் ஒரு சதுரச் செம்பு. இவ்வளவே ஆன்டெனா என்று அவர் கொண்டுவந்து காட்டியபோது துறையே சிரித்தது. பேட்ச் ஆன்டெனா என்பது அதன் பெயர். கிழிந்த சட்டைக்குப் போடும் ஒட்டைப் போலத்தான் இருந்தது. சிரித்தவர்களைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டு, அரத்தை எடுத்து அந்தச் சதுரத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டைச் சீவத் தொடங்கினார்.

மூலையைச் சீவினால் என்ன ஆகும் என்பதைத் துறை சாராதாரும் அறியச் சொல்ல வேண்டும். முழுச் சதுரத்திலிருந்து புறப்படும் அலை ஒரே தளத்தில் ஆடிக்கொண்டு போகும். வாங்கும் ஆன்டெனா அதே சாய்வில் இருந்தால்தான் அது காதில் விழும். மூலைகளை அளவறிந்து சீவிவிட்டால், அலை திருகாணியைப் போலச் சுழன்றுகொண்டு போகும். அனுப்பும் கருவி எப்படிக் கவிழ்ந்தாலும் உருண்டாலும் செய்தி அறுபடாது. வட்ட முனைவாக்கம் என்று நூல்கள் இதற்குப் பெயர் சூட்டியிருக்கின்றன. கொஞ்சம் குறைத்துச் சீவினால் வட்டம் நசுங்கும், கொஞ்சம் கூடினாலும் நசுங்கும். உள்ளூரில் கிடைத்த அட்டையோ அலையில் பாதியைத் தானே விழுங்கிவிடும். செம்புச் சதுரத்தைக் கட்டைகள் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, இடையே வெறுங்காற்றை விட்டு, அந்த விழுங்கலை அடக்கியவர் அவர். குறுகிய அலைவரிசையில் மட்டுமே சுழன்ற அலையை அகன்ற வரிசையிலும் சுழல வைத்தவர் அவர். நகம் வெட்டுவதுபோல் சீவுவார், அளந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மீண்டும் சீவுவார்.

இத்தனைக்கும் உடனிருந்த கை செல்லக்கண்ணுவுடையது. முசிறிக்காரர், ஆய்வுக்கூடத்தில் தற்காலிகப் பணியாளர். அம்மையார் வரைந்த படத்தைப் பிலிமாக்கி, பிலிமைச் செம்பின்மேல் படிய வைத்து ஒளி காட்டி, வேண்டாத செம்பைக் கரைத்துத் தகடாக எடுத்துத் தருவது அவர் வேலை. நிரந்தரமாக்கக் கோரிய விண்ணப்பம் ஆண்டுதோறும் மேலே போய், ஆண்டுதோறும் கீழே வந்துகொண்டிருந்தது.

எண்பத்தொன்றாம் ஆண்டுப் பங்குனியில், எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கும் நாள் வந்தது. வானிலைக் கருவியைச் சுமந்து செல்லும் பலூனில் இந்தத் தகட்டைக் கட்டிப் பறக்கவிடுவது, கீழிருந்து அதன் செய்தியைக் கேட்பது என்பது திட்டம். கல்லூரி மாடியில் மின்கம்பிகளின் இரைச்சல் மிகுதி. ஆதலால் கேட்கும் நிலையத்தை ஸ்ரீரங்கத்துக் கீழ உத்திர வீதியில், பொறியாளர் அழகியமணவாளன் வீட்டு மொட்டைமாடியில் அமைத்தார்கள். கேட்கும் ஆன்டெனாவைச் செய்தவரும் அவரே. கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றிய ஆன்டெனா அது. அலை வலமாகச் சுழல வேண்டும் என்பது இருவரும் வாய்ப்பேச்சில் செய்துகொண்ட ஏற்பாடு. பெருமாளை வலம் வருகிற வீதியில் வளர்ந்த அவருக்கு வலம் எது என்று விளக்க வேண்டியதில்லை, இயற்பியலில் முதல் வகுப்பில் தேறிய அம்மையாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இருவரும் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளவே இல்லை.

தில்லியிலிருந்து வந்த ஆய்வுக்குழுவினர் மாடியில் நாற்காலியிட்டு அமர்ந்தார்கள். காப்பி வந்தது. கல்லூரி மைதானத்தில் பலூன் எழுந்தது, காவிரியைத் தாண்டி வந்தது, எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கேட்கும் பெட்டியில் இரைச்சல்தான் வந்தது. இரைச்சலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஏதோ கேட்டது, பிறகு அதுவும் நின்றது. தென்கிழக்குக் காற்று பலூனை வடமேற்கே இழுத்துக்கொண்டு போயிற்று. தகடும் அதோடு போயிற்று.

எதிர்ச்சுழற்சி என்பது சற்று நேரத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வலமாகச் சுழலும் அலைக்காகச் செய்த சுருள், இடமாகச் சுழலும் அலையைத் தீண்டாது. தகடு மட்டும் இடமாகச் சுழற்றியது ஏன்? பிலிமைப் புரட்டி வைத்தால் வரைபடம் கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறிவிடும், வெட்டிய மூலைகள் இடம் மாறும், சுழற்சியும் மாறும். எல்லோருடைய கண்ணும் செல்லக்கண்ணுவின் மேல் விழுந்தது. அந்த நேரத்தில் அவமானமும் கோபமும் மேலிட, அம்மையார் அத்தனை பேர் நடுவிலும் கேட்டுவிட்டார்.

"வலது எது, இடது எதுன்னு தெரியாதவரா நீங்க?"

செல்லக்கண்ணு தலை குனிந்தார். பிலிமைச் சரியாக வைத்தோமா என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "என் கைதான் தப்புப் பண்ணியிருக்கும், மேடம்" என்றார். குழுவினர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். மாத முடிவோடு அவரை நிறுத்திவிடுவது என்று கல்லூரி முடிவு செய்தது. முசிறியில் அவர் மனைவிக்கு அது பேறுகாலம்.

பழி ஒருவர் மேல் இறங்கியதும் மற்றவர்களுக்கு மனம் லேசாகிவிடுவது உலக வழக்கம். எங்களில் சிலருக்கும் அப்படித்தான் ஆயிற்று, அதை மறைக்கவில்லை. அம்மையாருக்கோ சோறு இறங்கவில்லை. திட்டிய சொல் காதிலேயே நின்றது என்று பின்னாளில் அழகியமணவாளனிடம் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவர் அவரே. இதோ மேடையின் ஓரத்தில் அமர்ந்து, தம் பெயர் வரும்போதெல்லாம் நெளிந்துகொண்டிருக்கிறார்.

சில நாட்களில், பச்சைமலைக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் வாயிலாக அம்மையாருக்குச் செய்தி வந்தது. வானத்திலிருந்து விழுந்த பெட்டியொன்று மலைமேல் ஒரு வீட்டில் இருக்கிறதாம், ஊரார் பயந்து கிடக்கிறார்களாம். அம்மையார் ஒருவரிடமும் சொல்லாமல் துறையூருக்குப் பஸ் ஏறினார், அங்கிருந்து மலைப் பஸ்ஸைப் பிடித்தார், பஸ் நின்ற இடத்திலிருந்து மரவள்ளிக் காடுகளூடே நடந்தார்.

மருதை, இருளாயி என்ற கணவன் மனைவியின் வீடு அது. பெட்டியைத் திண்ணமாகக் கட்டி ஆட்டுப்பட்டிக்கு அப்பால் வைத்திருந்தார்கள். செம்புத் தகட்டை மட்டும் வீட்டுக்குத் தொலைவில், புளியமரத்தின் கிளையில், எலுமிச்சம்பழத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். செம்பிலே சதுரம், சதுரத்தில் வெட்டு, நடுவிலிருந்து சற்றே விலகி ஓர் ஈயப் பொட்டு. அவர்களுக்குத் தெரிந்த தகடு ஒன்றே ஒன்றுதான், பகையாளிக்குக் கேடு வரச் செய்வினை செய்து புதைக்கும் தகடு. இருளாயி எட்ட நின்றே கேட்டார்.

"யாருக்குங்க வச்ச தகடு இது?"

அம்மையார் தகட்டைக் கையில் வாங்கினார். ஈயப் பொட்டு கீழே வருமாறு நிமிர்த்திப் பிடித்தார். அவர் வரைந்த படத்தில் வெட்டுப்பட வேண்டியவை இடது மேல்மூலையும் வலது கீழ்மூலையும். பிலிம் புரண்டிருந்தால் வலது மேல்மூலை வெட்டுப்பட்டிருக்கும். தகட்டில் வெட்டுப்பட்டிருந்தது இடது மேல்மூலை. செல்லக்கண்ணு பிலிமைப் புரட்டவில்லை. வரைந்ததை வரைந்தபடியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் பிழை வரைந்த கையில் இருக்கிறது.

"எனக்குத்தாம்மா வச்சது" என்றார் அம்மையார்.

மருதைக்கு அவர் மேல் இரக்கம் பிறந்துவிட்டது. ஓடுகிற ஆற்றில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் தோஷம் தீர்ந்துவிடும் என்று வழி சொன்னார். அம்மையார் நன்றி சொல்லி, தகட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கினார்.

அன்பர்களே, அந்தத் திரும்பும் பயணத்தை எண்ணிப் பாருங்கள். அடுத்த மாதம் துறைத்தலைவர் பதவிக்கு நேர்காணல். வரிசையில் முதல் பெயர் அவருடையது. பொறியாளர் கூட்டத்தில் ஓர் இயற்பியல்காரர், அதிலும் ஒரு பெண், அந்த நாற்காலி வரை வந்து சேர இருபது ஆண்டுகளாயிருந்தன. தகடு அவர் கைக்கு வந்ததை அறிந்தவர்கள் மலைமேல் இருந்த இருவர் மட்டுமே. அவர்களும் ஆற்றில் போடச் சொன்னவர்கள். பஸ் கொள்ளிடப் பாலத்தில் ஏறியபோது தகடு மடியில் இருந்தது, பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. பங்குனி மாதத்துக் கொள்ளிடத்தில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது என்றாலும், ஒரு தகட்டை விழுங்க அந்த மணல் போதும். பாலம் முடியும்வரை அவர் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. பயந்ததாகவே பின்னாளில் சொன்னார். தம் கைக்குப் பயந்தாராம்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கி, நேரே கீழ உத்திர வீதிக்குப் போனார். அழகியமணவாளனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வலம்னு சொன்னப்ப நீங்க எங்க நின்னு பாத்தீங்க, சார்?"

அவர் சொன்னார். "பின்னால நின்னு. அலை நம்மளை விட்டுப் போறதைப் பாத்துண்டு."

"நான் முன்னால நின்னு பாத்தேன். அலை என்னைப் பாத்து வர்றதை."

ஆலயக் கோபுரத்துக் கடிகாரத்தை வீதியில் நின்று பார்த்தால் முள் வலமாகச் சுற்றும். கோபுரத்துக்குள் ஏறிப் பின்புறமிருந்து பார்த்தால் அதே முள் இடமாகச் சுற்றும். இயற்பியல் நூல்கள் வரும் அலையை எதிர்கொண்டு பார்ப்பவை, பொறியியல் நூல்கள் போகும் அலையை வழியனுப்பிப் பார்ப்பவை. இரண்டிலும் வலம் என்ற சொல் இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. ஆய்வுக்கூடத்தில் அளந்தபோதும் வட்டம் எவ்வளவு செம்மையானது என்று அளந்தார்களே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை. வலம் என்ற ஒரே சொல்லை நம்பி இரு பெரிய படிப்புகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நின்றிருக்கின்றன.

அழகியமணவாளன் நல்ல மனிதர். பாதிப் பிழை தம்முடையது என்றார். சுருளை மாற்றிச் சுற்றி, மறுபடி பறக்கவிட்டு, வெற்றியென்று எழுதிவிட்டால் பழைய கதையை யார் கேட்கப் போகிறார்கள் என்றும் சொன்னார். அம்மையார் மறுத்துவிட்டார். பொறியியல் துறைக்குள் வந்தவர் பொறியியல் வழக்கத்தைக் கேட்டறிய வேண்டும், தாம் கேட்கவில்லை என்றார். பிறகு ஒரு வேண்டுகோள் வைத்தார். குழுவினர் மறுபடி வரும்போது கல்லூரி அறையில் கூடக்கூடாது, இதே மொட்டைமாடியில் கூட வேண்டும், அன்று இருந்த அத்தனை பேரும் இருக்க வேண்டும், செல்லக்கண்ணுவும் இருக்க வேண்டும்.

கூடினார்கள். அம்மையார் தகட்டையும் வரைபடத்தையும் மேசைமேல் அருகருகே வைத்தார். மூலைகளைப் பார்க்கச் சொன்னார். யாருடைய வலம் எது என்பதை விளக்கினார். பிறகு குழுவினரை விட்டுவிட்டு, சுவரோரமாக நின்றிருந்தவரிடம் போனார்.

"செல்லக்கண்ணு, உங்களை இந்த எடத்துலதான் சொன்னேன். இந்த எடத்துலயே சொல்றேன். பிலிமை நீங்க சரியாத்தான் வச்சீங்க. வலது இடது தெரியாம இருந்தது நான்."

சொல்லிவிட்டுக் கைகூப்பினார். செல்லக்கண்ணு அழுதார். தில்லிக்காரர்கள் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீக்க உத்தரவு கிழிக்கப்பட்டது. மூலைகளை மாற்றி வெட்டிய புதுத் தகடு அந்த ஆண்டு ஐப்பசி மழைக்கு முன்பே பறந்தது. பலூன் தள்ளாடியது, சுழன்றது, தலைகீழாய்த் தொங்கியது. செய்தியோ பக்கத்து வீட்டு ரேடியோபோல் தெளிவாகக் கேட்டது, மலைகளுக்கு அப்பால் மறையும்வரை கேட்டது. அன்றுமுதல் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எவர் வலம் என்று சொன்னாலும், "யாரோட வலம்?" என்று மற்றவர் கேட்பது வழக்கமாயிற்று. வாசலில் சைக்கிள் நிறுத்தச் சொன்னால்கூடக் கேட்கிறார்கள்.

துறைத்தலைவர் நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. சுழலும் திசையையே அறியாதவர் என்று நேர்காணலில் ஒருவர் குறிப்பிட்டாராம். நாற்காலி பெற்றவர் பண்பாளர், இம்மடலில் அவரும் கையெழுத்திட்டிருக்கிறார். அம்மையார் சேர்ந்த விரிவுரையாளர் பதவியிலேயே இன்று பணி நிறைவு செய்கிறார். அந்த ஓர் இழப்புக்காக அவர் வருந்தி நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் வருந்தினோம், இன்றும் வருந்துகிறோம், அவர் முன்னிலையிலேயே அதைச் சொல்கிறோம்.

இனிப் படர்க்கை போதும். நிஜாமுதீன் சார், கதவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மையாரே, இம்மடலின் கடைசிப் பத்தி தாளில் அச்சிடப்படவில்லை. ஆய்வுக்கூட நிரந்தரப் பணியாளர் செல்லக்கண்ணு அவர்கள், அதே முறையில் பிலிமெடுத்து, ஒளி காட்டி, கரைத்து, செம்பிலே எழுத்தாகப் பொறித்து, தேக்குச் சட்டமிட்டு இதோ மேடைக்கு எடுத்து வருகிறார். பிலிம் புரண்டிருந்தால் எழுத்து இடம் வலமாக மாறி இருக்கும். கையில் வாங்கிப் பாருங்கள், ஓரெழுத்தும் மாறவில்லை. தகட்டில் உள்ளது இது:

*வரும் அலையை எதிர்கொண்டு பார்த்தவர் நீங்கள். இன்று மட்டும் நாங்கள் பொறியாளர் வழக்கப்படி நின்று, போகும் உங்களை வழியனுப்பிப் பார்க்கிறோம். உடல் நலமும் உள்ள நிறைவும் குன்றாமல், காவிரிக் காற்றும் ஆலயமணியும் துணையிருக்க, நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். உங்கள் வீட்டுச் சுவரில் இதைக் காண்பவர், யாருக்கு வைத்த தகடு இது என்று கேட்பார்கள். மலைமேல் சொன்ன அதே பதிலை அவர்களுக்கும் சொல்லுங்கள்.*

இங்ஙனம், உங்களோடு பணியாற்றும் பேறு பெற்ற மின்னணுத் துறையினர்.

முதற் கையெழுத்து: மு. செல்லக்கண்ணு